எம். புதுப்பட்டிக் காரும் டில்லிச் சட்டமும்

சிவகாசி வட்டாரத்தில் எம். புதுப்பட்டி கிராமத்தில், ஒரு வேப்பமரத்தடியில் அம்பாஸிடர் கார் ஒன்று நெடுநாள் நின்று கொண்டிருந்தது. நான்கு சக்கரங்களிலும் காற்று இல்லை. முன் கண்ணாடியில் விரிசல். பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. அதன் சொந்தக்காரர் எழுபது வயதைத் தாண்டிய டிரைவர். நமக்கு வெகுநாள் பழக்கமானவர். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு பழைய இரும்பு வியாபாரி வந்தார். பேரம் பேசினார், பணத்தை எண்ணிக் கொடுத்தார், காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது ஆர்.சி. புத்தகத்தையும், எதுவும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு பாரங்களையும் வாங்கிக்கொண்டு போனார்.

அண்மையில் அந்தப் பெரியவரின் வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். வெட்டித் துண்டாக்கி உருக்குக்குப் போய்விட்டது என்று பெரியவர் நினைத்திருந்த காரின் நம்பர், வேறொரு ஜில்லாவில் வேறொரு வண்டியின் நெற்றியில் ஓடிக்கொண்டிருந்ததாம். "என் வண்டி செத்து மூணு வருஷமாச்சு அய்யா" என்று அவர் சொன்னார். செத்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். அத்தாட்சி இல்லை. வாங்கிப் போனவரின் முழுப் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. மூன்று தடவை பஸ் ஏறிப் போய் வந்துவிட்டார். விவகாரம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஒரு பழைய காரை விற்ற கதைக்குத் தலையங்கமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். கிராமந்தோறும் மரத்தடியிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் இப்படி நிற்கிற கார்களும் வேன்களும் எத்தனை! அவற்றின் சொந்தக்காரர்கள் யாரும் பங்களாவாசிகள் அல்ல. டிரைவர்கள், சிறு வியாபாரிகள், பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றி அடித்துப் பிழைத்தவர்கள். இவர்களுடைய தலையில் டில்லி சர்க்கார் புதிது புதிதாகச் சட்டங்களையும் கட்டணங்களையும் இறக்குகிறது. அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் காரைப் பற்றி. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலி எடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார்? இந்த அம்பாஸிடர்தான். மருந்து அறையில் தீப்பிடித்து உடம்பெல்லாம் வெந்துபோன தொழிலாளியை வாழையிலையில் கிடத்தி மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனது யார்? அதே கார்தான். வாடகையைப் பிறகு கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. பெரியவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

வாகனத்தின் வாழ்க்கையிலும் வர்க்கம் உண்டு என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். புதுக் கார் பட்டணத்துப் பணக்காரர் வீட்டில் பிறக்கிறது. ஐந்து வருஷத்தில் அவருக்கு அது சலித்துவிடுகிறது. பிறகு இரண்டாம் கை, மூன்றாம் கை என்று இறங்கி, டாக்ஸியாகி, கிராமத்துக்கு வந்து, காய்கறி மூட்டையும் கல்யாண வீட்டுப் பாத்திரமும் சுமந்து, கடைசியில் காயலான் கடைக்குப் போகிறது. (காயல்பட்டினத்து வியாபாரிகளிடமிருந்து வந்த பெயர் இது என்று சொல்வார்கள்.) முதல் ஐந்து வருஷத்தின் சுகம் ஒருவருக்கு. கடைசி ஐந்து வருஷத்தின் அபராதம் இன்னொருவருக்கு!

அம்பாஸிடருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் பிர்லாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் அது உற்பத்தியானது. மந்திரிகளும் கலெக்டர்களும் அதில்தான் பவனி வந்தார்கள். 2014 மே மாதம் நிர்வாகம் திடீரென்று வேலை நிறுத்த அறிவிப்பை வாசலில் ஒட்டியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 2017-ல் 'அம்பாஸிடர்' என்ற வெறும் பெயர் மட்டும் பிரெஞ்சுக் கம்பெனியான பேஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. பெயருக்கு 80 கோடி கிடைத்த அதே காரின் உடம்புக்கு எம். புதுப்பட்டியில் கிலோ கணக்கில் இரும்பு விலை!

இனி சட்டத்துக்கு வருவோம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது? வண்டியை விற்றால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-வது பிரிவு. வண்டி அழிந்துபோனாலோ, இனி ஓடவே ஓடாது என்றாகிவிட்டாலோ, அதையும் 14 நாட்களுக்குள், அல்லது கூடிய சீக்கிரம், தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துகொள்ள வேண்டும் என்கிறது 55-வது பிரிவு. நம் ஊர்களில் இதை எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பணம் கைக்கு வந்தால் வியாபாரம் முடிந்தது என்பதே ஜனங்களின் நினைப்பு. கையெழுத்துப் போட்ட 29-ம் நம்பர் பாரமும் 30-ம் நம்பர் பாரமும் யார் பையில் எத்தனை வருஷம் தூங்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இது வெறும் அலைச்சல் மட்டுமல்ல. 2018 பிப்ரவரி 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் மற்றொருவருக்கு. பதிவேட்டில் மட்டும் முதல் ஆளின் பெயரே நின்றது. 2009-ல் அந்தக் கார் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போயிற்று. நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் யார்? பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர் என்று கோர்ட் கூறிவிட்டது. விபத்தில் பறிகொடுத்த குடும்பம் கை மாறிய ஒவ்வொருவரையும் தேடி அலைய முடியாது என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை நாம் குறை சொல்லவில்லை. பட்டாசு விபத்தில் குத்தகைக்காரரா, உள்குத்தகைக்காரரா, லைசென்ஸ்காரரா என்று அலைந்து பார்த்த ஜனங்கள் நாம். பொறுப்பு ஒருவர் தலையில் நிற்க வேண்டும் என்பதன் அருமை நமக்குத் தெரியும். ஆனால் எம். புதுப்பட்டிப் பெரியவரின் நம்பரை மாட்டிக்கொண்டு ஓடிய வண்டி ஒரு குழந்தையை மோதியிருந்தால்? அவருக்கு இருப்பது ஒரு ஓட்டு வீடு.

இந்தக் குளறுபடியைத் தீர்க்கத்தான் புதிய கொள்கை கொண்டுவந்திருக்கிறோம் என்று மத்திய சர்க்கார் சொல்கிறது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 13-ந் தேதி குஜராத்தில் முதலீட்டாளர் மாநாட்டைக் கூட்டிப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். செப்டம்பரில் விதிகள் வந்தன. பதிவு பெற்ற உடைப்பு நிலையங்கள் ஏற்படும். பழைய வண்டியை அங்கே ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்று கிடைக்கும். உடைத்தபின் உடைப்புச் சான்று கிடைக்கும். சேஸிஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டி ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். செத்த வண்டியின் நம்பரைத் திருட்டு வண்டிக்கு மாட்டும் பித்தலாட்டத்துக்கு இது தடைதான். இந்த அளவில் நாம் வரவேற்கிறோம். நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் மாநாடு யாருக்காகக் கூட்டப்பட்டது? முதலீட்டாளர்களுக்காக! 10,000 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு வரும் என்று அங்கே பேசப்பட்டது. மந்திரி நிதின் கட்காரி இன்னும் வெளிப்படையாகவே பேசினார். மோட்டார்த் தொழிலின் வருஷ விற்றுமுதல் நாலரை லட்சம் கோடியிலிருந்து 10 லட்சம் கோடியாக உயரும் என்றார். ஆக, பழைய வண்டியைச் சாகடிப்பது புதிய வண்டிக்குச் சந்தை பிடிக்க. புகை, விபத்து, சுற்றுப்புறம் என்பதெல்லாம் பந்தலுக்குக் கட்டிய தோரணம்.

சலுகைகளைப் பாருங்கள். உடைப்பு நிலையம் கொடுக்கும் விலை, அதே ரகப் புது வண்டியின் விலையில் நூற்றுக்கு 4 முதல் 6 வரை இருக்குமாம். புது வண்டி வாங்கினால் கம்பெனிகள் நூற்றுக்கு 5 தள்ளுபடி தரும்படி 'ஆலோசனை' கூறப்பட்டது. பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் நூற்றுக்கு 25 வரை, வாடகை வண்டியானால் 15 வரை, மாநிலங்கள் குறைக்கலாம். எல்லாம் புது வண்டி வாங்குகிறவருக்கு! வேப்பமரத்தடிக் காரை விற்று மாத்திரைச் செலவுக்கு வைத்துக்கொள்கிற பெரியவர் எங்கே போய்ப் புதுக் கார் வாங்குவார்? ஒப்படைப்புச் சான்றைப் பிறருக்கு விலைக்கு மாற்றிக் கொடுக்க விதிகளில் இடமிருக்கிறது. இது ஏழைக்குக் கிடைத்த ஒரே துரும்பு. அதை அவன் காதில் ஓதுவார் யாருமில்லை.

கட்டணத்தில் 'ஆலோசனை' என்ற பேச்சுக்கே இடமில்லை. 15 வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாய் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் என்றார்கள். மோட்டார் சைக்கிளுக்கு 300 என்பது 1,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் இன்னொரு அறிவிக்கை: 20 வருஷம் கடந்த காருக்கு 10,000, மோட்டார் சைக்கிளுக்கு 2,000. அதே வருஷம் நவம்பரில் எப்.சி. கட்டணத்தின் மீது பாய்ந்தார்கள். 20 வருஷம் கடந்த லாரிக்கும் பஸ்ஸுக்கும் 2,500 என்றிருந்ததை 25,000 என்று அறிவித்தார்கள். பத்து மடங்கு! இலகு ரக வண்டிக்கு 15,000, மூன்று சக்கர வண்டிக்கு 7,000. வண்டியைச் சோதிக்க ஆகும் செலவா இது? பிரேக்கைச் சோதிக்கிற யந்திரம் பழைய வண்டிக்கு ஒரு மின்சாரமும் புது வண்டிக்கு ஒரு மின்சாரமுமா குடிக்கிறது? விற்கவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் செய்து, காயலான் கடைக்குத் துரத்துகிற தார்க்குச்சி இது.

தீபாவளி முடிந்தால் நம் பக்கம் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். மழை பெய்தால் காயப்போட முடியாது, வேலை இல்லை. அந்த நாட்களில் வேன் டிரைவருக்கும் சவாரி இல்லை. சரியாக அப்போது எப்.சி.யும் இன்ஷூரன்ஸும் வந்து நின்றால் அவர் வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்பார். இது புள்ளிவிவரம் பார்த்து எழுதுவதல்ல. நாம் தினமும் பார்க்கிற முகங்கள்.

டில்லியில் நடந்ததையும் பாருங்கள். 10 வருஷம் கடந்த டீசல் வண்டியும் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்ற உத்தரவை 2018-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குப் பெட்ரோலே ஊற்றக்கூடாது என்று கிளம்பினார்கள். கார்க்காரர்கள் கூச்சல் போட்டார்கள். சில நாட்களிலேயே திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், சொந்தக்காரர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில், பாரத் ஸ்டேஜ் 4-ம் அதற்கு மேற்பட்ட தரமும் உள்ள வண்டிகளுக்கே அந்தப் பாதுகாப்பு என்று திருத்தியது. டில்லிக் கார்க்காரர்களின் குரல் டில்லிக்குக் கேட்கிறது. எம். புதுப்பட்டியின் குரல் கேட்க எத்தனை பேர் சேர்ந்து கத்த வேண்டும்?

இந்த வித்தை மோடி சர்க்கார் கண்டுபிடித்ததல்ல. 2009-ல் உலக முதலாளித்துவம் நெருக்கடியில் மூழ்கி, கார்கள் விற்காமல் தேங்கிக் கிடந்தபோது அமெரிக்க சர்க்கார் 300 கோடி டாலர் பொதுப் பணத்தை எடுத்து, பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு 4,500 டாலர் வரை கொடுத்தது. சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் கார்கள் ஒப்படைக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருந்த இஞ்சின்களுக்குள் ஆயிலுக்குப் பதிலாக சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி இறுகச் செய்து கொன்றார்கள்! அதே வருஷம் ஜெர்மனி 500 கோடி யூரோ செலவிட்டது. முதலாளிக்கு முடை வந்தால் ஓடுகிற காரும் குப்பை.

கியூபாவையும் பாருங்கள். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டது. உதிரி பாகம் ஒன்றுகூட வரவில்லை. 1950-களின் செவர்லே, போர்டு கார்களைக் கியூபத் தொழிலாளிகள் கையால் கடைந்த பாகங்களைப் போட்டும், சோவியத் நாட்டு இஞ்சினைப் பொருத்தியும் இரண்டு தலைமுறை ஓட்டிக் காட்டினார்கள். அது வறுமையின் அடையாளம் என்று கேலி செய்வார்கள். வறுமையும்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டறைக்காரனின் கைத்திறமை நம் சாத்தூர், சிவகாசிப் பட்டறைகளிலும் இருக்கிறது. எரிந்துபோன ஒயரிங்கை மரத்தடியில் உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கும் பையன்கள் நம்மிடம் இருக்கிறார்கள்.

அதற்காகப் பழையது எல்லாம் வாழட்டும் என்று நாம் வாதாட வரவில்லை. பிரேக் பிடிக்காத வேன், தளம் ஓட்டை விழுந்த வேன், அதில் விடியற்காலை இருட்டில் முப்பது பெண்களை அடைத்து ஆலைக்கு ஓட்டுகிற அக்கிரமத்தை நாம் எத்தனை தடவை கண்டித்திருக்கிறோம்! அத்தகைய வண்டி ஒரு நாள்கூட ஓடக்கூடாது. ஆனால் அதை நிர்ணயிக்க வேண்டியது பிறந்த தேதி அல்ல, நேர்மையான சோதனை. ஐந்து வயது வண்டியும் கொல்லும். இன்னொன்றும் கேட்கிறோம்: ஆலைக்கு ஆள் கொண்டுவரும் வண்டி நல்ல வண்டியாக இருக்க வேண்டியது யார் பொறுப்பு? நாள் வாடகைக்கு ஓட்டும் டிரைவர் தலையில் அதைக் கட்டிவிட்டு ஆலை முதலாளி கை கழுவலாமா? தொழிலாளியை ஏற்றும் வண்டியின் எப்.சி. கட்டணத்தையும் மராமத்தையும் ஆலை முதலாளியே ஏற்க வேண்டும்.

வண்டியை உடைக்கிறவனைப் பற்றி யாருமே பேசுவதில்லை. சென்னை புதுப்பேட்டையிலும் ஊர் ஊராக உள்ள காயலான் கடைகளிலும் கையுறைகூட இல்லாமல் பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிறார்கள். ஆசிட் காலில் வழிகிறது. பெட்ரோல் டாங்கியில் ஆவி மிச்சமிருக்கக் காஸ் கட்டரை வைக்கிறார்கள். பழைய பிரேக் லைனிங்கில் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலில் இறங்குகிறது. புதிய ஆபத்தும் வரிசையில் நிற்கிறது. 2019 ஜூலைக்குப் பின் விற்ற கார்களில் டிரைவருக்காவது ஒரு ஏர்பேக் உண்டு. மோதும்போது அந்தப் பையை விரிய வைப்பது என்ன? உள்ளே இருக்கும் மருந்து வெடித்துக் கிளப்பும் வாயுதான்! மருந்து என்றால் என்ன என்று சிவகாசிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எம். புதுப்பட்டிப் பக்கத்து ரெங்கபாளையத்தில் 2023 அக்டோபர் 17-ந் தேதி பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், கருகிச் செத்ததை இன்னும் யாரும் மறக்கவில்லை. அந்த ஏர்பேக் கார்கள் காயலான் கடைக்கு வந்து சேரும் நாளில், சுத்தியலால் அடித்துப் பிரிக்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு இதை யார் சொல்லப் போகிறார்கள்?

பெரிய யந்திரமும் பெரிய முதலும் போட்டால்தான் உடைப்பு நிலையத்துக்குப் பதிவு கிடைக்கும் என்றால் லாபம் பெரிய கம்பெனிகளுக்குப் போகும். சின்னக் கடைக்காரனும் அவனிடம் கூலிக்கு நிற்பவனும் சட்ட விரோதிகளாகி இருட்டில் தொழில் செய்வார்கள். இருட்டில் நடக்கிற தொழிலில் என்ன ஆகும் என்பதற்கும் நம் வட்டாரமே சாட்சி. வீட்டுக்குள் கள்ளத்தனமாக மருந்து அடைத்து எத்தனை வீடு தரைமட்டமாயிற்று!

ஆகவே நாம் மாநில சர்க்காரைக் கேட்கிறோம். அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஜில்லாதோறும் பட்டறை இருக்கிறது, கைதேர்ந்த தொழிலாளிகள் இருக்கிறார்கள். அங்கேயே பொதுத்துறையில் உடைப்பு நிலையம் நடத்தத் தடை என்ன? காயலான் கடைக்காரர்களையும் டிங்கர்களையும் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்த்து, பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் கொடுத்து, அந்த நிலையத்தோடு இணைக்கலாம். சொந்தமாக ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறவருக்குப் பழைய கட்டணமே போதும் என்று மத்திய சர்க்காரிடம் மாநில சர்க்கார் வாதாட வேண்டும். மரத்தடியில் நிற்கும் வண்டிகளின் பதிவை ரத்து செய்ய ஆர்.டி.ஓ. இலாகா கிராமத்துக்கே வந்து முகாம் போட வேண்டும். எழுபது வயதுக்காரரைக் கம்ப்யூட்டர் சென்டருக்கும் ஆபீஸுக்கும் புரோக்கர் வீட்டுக்கும் அலைய விடுவது நிர்வாகமல்ல. எம். புதுப்பட்டிப் பெரியவரைப் போல ஏமாந்தவர்கள் எழுதிக் கொடுத்தால், விசாரித்துப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் வழி செய்ய வேண்டும். இந்தக் கோரிக்கைகளோடு ஜில்லா கலெக்டருக்கு மகஜர் தயாராகிறது. டிரைவர்களும் பட்டறைத் தொழிலாளிகளும் திரளாகக் கையெழுத்திட வேண்டுகிறோம்.

அதுவரை வண்டியை விற்கப் போகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நிரப்பாத பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஓட்டுவதற்கு விற்றால், வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் மாற்றம் முடித்தபின் சாவியைக் கொடுங்கள். உடைப்பதற்கு விற்றால், பதிவு பெற்ற நிலையத்தின் சான்று இல்லாமல் வண்டியை விடாதீர்கள். சான்று வந்ததும் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்படைத்து, பதிவு ரத்தானதற்கு எழுத்து மூலம் பதில் வாங்குங்கள். பழைய கடன் இருந்து அடைத்திருந்தால் அந்தக் குறிப்பும் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாங்குகிறவரின் ஆதார் நகல், தேதி, கையெழுத்து மூன்றும் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் அருகிலுள்ள சங்க ஆபீஸுக்கு வரலாம். பாரம் நிரப்பித் தருவதற்குக் காசு கிடையாது.